நிற்காமல் வந்த வண்டி

கணினித் திரையில் இருந்த நீலக்கோட்டில் ஒரு முள் முளைத்திருந்தது.

ஷெர்லீன் முதலில் அதைத் திரையில் ஒட்டிய அழுக்கு என்றுதான் நினைத்தாள். கட்டைவிரலால் தேய்த்தாள். போகவில்லை. வரைபடத்தை மேலே தள்ளினால் அதுவும் மேலே போனது, கீழே இழுத்தால் கூடவே இறங்கியது.

மலாக்காவின் பாயா ரும்புட்டில், தாமான் என்கிற வரிசைவீட்டுக் குடியிருப்பில் இருந்த அவர்களுடைய வீட்டில் சாப்பாட்டு மேசைதான் கணினி மேசையும். சமையலறையிலிருந்து நெத்திலிச் சம்பலின் வாசம் இன்னும் போகவில்லை. மேலே காற்றாடி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொண்டது. வெளியே மழைக்கு முந்திய புழுக்கத்தில் யார் வீட்டு நாயோ படுத்தபடி முனகிக்கொண்டிருந்தது. மேசையின் மறுமுனையில் அவளுடைய ஏழு வயது மகள் ஜோவினா, நாக்கை லேசாக வெளியே நீட்டிக்கொண்டு, ஒரு யானைக்குப் பச்சை வண்ணம் அடித்துக்கொண்டிருந்தாள்.

பள்ளி விடுமுறை நெருங்கிக்கொண்டிருந்தது. சுங்கைப் பட்டாணியில் இருக்கும் ஷெர்லீனின் அண்ணன் அந்தோணிராஜ் வீட்டுக்குக் காரிலேயே போய்வருவது, வழியில் ஈப்போவில் ஓர் இரவு தங்குவது, தைப்பிங்கில் மிருகக்காட்சிசாலை பார்ப்பது என்று திட்டம். கார் ஓட்டுவது கணவன் ரெஜினால்டின் வேலை, வழி போடுவது அவள் வேலை. திருமணமான நாளிலிருந்து அப்படித்தான். கார்க் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பழைய ஜி.பி.எஸ் கருவியைக் கழற்றி வந்து கணினியோடு இணைப்பாள். வரைபடத்தில் ஊர் ஊராகப் புள்ளி வைத்து, கோடு இழுத்து, கருவிக்குள் அனுப்புவாள். கைப்பேசி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று பக்கத்து வீட்டுக் கோமளா கேலி செய்திருக்கிறாள். ரெஜினால்ட் விடமாட்டான். "செம்பனைத் தோட்டத்துக்குள்ள போனா போன்ல லைன் போயிரும் லா. இது போவாது" என்பான்.

அன்று இணைத்தபோது, பழைய பயணங்களையும் எடுத்துக்கொள்ளவா என்று கணினி கேட்டது. எப்போதும் வேண்டாம் என்று தள்ளிவிடுபவள், ஜோவினா தட்டிவிட்ட வண்ணப் பென்சிலைப் பிடிக்கப்போன அவசரத்தில், சரி என்று அழுத்திவிட்டாள். திரை முழுக்க நீலக்கோடுகள் வந்து விழுந்தன. ரெஜினால்ட் போன இடம், வந்த இடம், எல்லாம்.

அவன் தண்ணீர் வடிகட்டி பொருத்தும் கம்பெனியில் வேலை செய்தான். வாரநாட்களில் மலாக்கா பட்டணத்துக்குள். சனிக்கிழமைகளில் தம்பின் பக்கம். தம்பினிலிருந்து அலோர்காஜா வரும் சாலையில், இருபுறமும் செம்பனை நிற்கும் நீண்ட பகுதியில்தான் அந்த முள் இருந்தது. நேராக வந்த கோடு சட்டென்று இடப்பக்கம் உள்ளே போய், ஒரு புள்ளியில் நின்று, வந்த தடத்திலேயே சாலைக்குத் திரும்பியிருந்தது.

புள்ளியை அழுத்தினாள். வண்டி அங்கே நின்றிருந்தது. கொஞ்ச நேரமில்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேல்.

அதற்கு முந்திய சனிக்கிழமையைத் திறந்தாள். அதே முள். அதற்கும் முந்தியது. அதே இடம், அதே நீளம். செயற்கைக்கோள் படத்துக்கு மாற்றி, எவ்வளவு கிட்டப் போக முடியுமோ அவ்வளவு கிட்டப் போனாள். மேலிருந்து பார்த்தால் செம்பனை மரங்கள் பச்சை நட்சத்திரங்களைப் போல நெருக்கமாக நின்றன. சாலை இல்லை. தடம் இல்லை. கார் நுழைய ஓர் இடைவெளிகூட இல்லை. கோடு முடிகிற இடத்தில் மட்டும், தலையில் சொட்டை விழுந்த மாதிரி, ஒரு சின்ன வெட்டவெளி.

"மம்மி, யானை பச்சையா இருந்தா தப்பா?" என்றாள் ஜோவினா.

"தப்பில்ல மா" என்று சொல்லிக்கொண்டே ஷெர்லீன் திரையை மூடினாள்.

அவள் உடனே கேட்கவில்லை. இரண்டு நாள் அதை நெஞ்சிலேயே வைத்துக்கொண்டு, அவன் குளிப்பதையும் சட்டையை மாட்டுவதையும் போனைப் பார்த்துச் சிரிப்பதையும் ஒரு வேற்று மனிதனைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள், துணி மடித்துக்கொண்டே, சும்மா கேட்பது போலக் கேட்டாள்.

"ஏங்க, தம்பின்லேர்ந்து வரும்போது வழியில எங்கயாவது நிப்பீங்களா?"

"எங்க நிக்கிறது? ஒன்னுமே இல்லயே அங்க. நேரா வீடுதான்."

அவன் பொய் சொன்னால் அவளுக்குத் தெரியும். இடது காதைத் தேய்ப்பான்; குரல் கொஞ்சம் இனிக்கும். காதைத் தேய்க்கவில்லை. குரலும் இனிக்கவில்லை. தொலைக்காட்சியில் பந்தாட்டம் பார்த்துக்கொண்டே, திரும்பக்கூட இல்லாமல், உள்ளதை உள்ளபடி சொல்கிற சோம்பலோடு சொன்னான். அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது. இவ்வளவு நன்றாகப் பொய் சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டானே என்று.

கோமளாவிடம் வேலிக்கு மேல் நின்று சொன்னபோது அவள் ஈரத்துணியை உதறிக்கொண்டே சிரித்தாள்.

"இதுக்குப் போயி மண்டைய உடைச்சுக்கிறியே. அங்க யாரையோ வச்சிருக்காரு. வேற என்ன? சட்டைய மோந்து பாரு, தெரியும்."

சனிக்கிழமை மாலை அவன் குளிக்கப் போனதும் சட்டையை எடுத்து முகர்ந்தாள். செண்டு வாசம் வரும், பவுடர் வாசம் வரும், அழுதுவிடலாம் என்று தயாராக இருந்தாள். வந்தது வேறு. விறகுப் புகை. அதற்கடியில் புளித்துப் பழசான ரப்பர் பாலின் நாற்றம். சின்ன வயதில் அப்பா பால்வெட்டிவிட்டு வரும்போது அவர் மேல் வீசிய அந்த வாடை, எத்தனை சவர்க்காரம் போட்டாலும் போகாத வாடை. அந்தச் சாலையில் ரப்பர் மரத்தை வெட்டிச் செம்பனை நட்டு எத்தனையோ வருடமாகிவிட்டது. தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளை இடித்து, ஆட்களைப் பட்டணத்துத் தாமான்களுக்குக் கிளப்பி, அதுவும் பழைய கதையாகிவிட்டது. பிறகு எங்கிருந்து இந்த வாடை?

வாசலில் அவன் கழற்றிப்போட்ட சப்பாத்தைத் தூக்கிப் பார்த்தாள். அடியில் செம்மண் அப்பியிருந்தது.

"சோறு போடவா?" என்று கேட்டாள், அவன் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது.

"வேணாம். பசிக்கல."

"மத்தியானம் எங்க சாப்பிட்டீங்க?"

அவன் துவட்டுவதை நிறுத்தினான். யோசித்தான். உண்மையாகவே யோசித்தான், அவள் அதைப் பார்த்தாள்.

"தெரியல... சாப்பிடலன்னு நெனைக்கிறேன். ஆனா பசிக்கல."

அடுத்த சனிக்கிழமை, தானும் கூட வருவதாகச் சொன்னாள். மறுப்பான், சாக்குச் சொல்வான் என்று எதிர்பார்த்தாள். "வாயேன், நல்லதுதானே, பேச்சுத்துணை" என்றான். ஜோவினாவைக் கோமளா வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினார்கள். மதியத்துக்குள் வந்துவிடுவோம் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

பளிச்சென்ற வெயில். போகும்போது அந்த இடம் எப்போது வரும் என்று கண்ணை எடுக்காமல் பார்த்திருந்தாள். வந்தது. சாலை ஓரத்தில் கால்வாய், அதைத் தாண்டிச் செம்பனை வரிசை, காய்ந்த மட்டைகள் குவிந்த குவியல், ஒரு கொக்கு. திரும்ப இடமே இல்லை. கால்வாய்க்கு மேல் பாலமும் இல்லை. கார் நிற்காமல் போனது. தம்பினில் ஒரு சீனர் கடையிலும் இரண்டு வீடுகளிலும் அவன் வடிகட்டி மாற்றும் வரை உடன் இருந்தாள். திரும்பும்போது அவன் கையையே பார்த்துக்கொண்டு வந்தாள். வானொலியில் ஏதோ பழைய பாட்டு. அவன் கூடவே முணுமுணுத்தான். அதே கால்வாய், அதே மட்டைக் குவியல். கார் வேகம் குறையவில்லை. தாண்டினார்கள். பிறகு அலோர்காஜா விளக்குச் சந்தி வந்தது.

அப்பாடா என்று சாய்ந்துகொண்டாள். கருவிதான் பழசாகிவிட்டது, கோடு தப்பாக விழுகிறது, வேறொன்றுமில்லை. கணவனைச் சந்தேகப்பட்டதை நினைத்து வெட்கம்கூட வந்தது. அவன் தொடையில் லேசாகத் தட்டினாள்.

வீட்டு வாசலில் கோமளா இடுப்பில் கையை வைத்து நின்றாள்.

"மத்தியானம் வர்றேன்னு சொல்லிட்டு இப்பதான் வர்றியா? ஒரு போன் பண்ணக்கூடாதா லா? பிள்ள அழுதுட்டா தெரியுமா?"

ஷெர்லீன் சிரித்துக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றது. வெளியே வெயில் சாய்ந்திருந்தது. எதிர் வீட்டுச் சுவரில் நிழல் ஏறியிருந்தது. அந்த நிழல் இவ்வளவு தூரம் ஏறுவதற்குள் அவர்கள் எப்போதோ வீட்டுக்கு வந்திருக்க வேண்டும்.

காலை உதறிச் செருப்பைக் கழற்றினாள். அவளுடைய செருப்பு. குதிகாலில், விரல் இடுக்கில், செம்மண். இன்னும் ஈரமாக.

குளியலறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டாள். வலதுகை விரல்களை மூக்கருகே கொண்டுபோனாள். கருவாட்டுக் குழம்பு. நகக்கண்ணில் மஞ்சள் நிறம். நாக்கில் புளியும் உப்பும் இன்னும் தங்கியிருந்தன. வயிறு நிறைந்திருந்தது. யாரோ வற்புறுத்தி இன்னொரு கரண்டி போட்ட மாதிரி நிறைந்திருந்தது.

வாயில் விரலை விட்டு எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடத் தோன்றியது. என்ன வெளியே வருமோ என்ற பயத்தில் அதைச் செய்யவில்லை.

கருவியைக் கணினியில் இணைத்துப் பார்த்தாள். பார்க்காமலே தெரிந்ததுதான். முள் இருந்தது.

ரெஜினால்டிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும்? அவனுக்குத் தெரியுமோ, தெரியாதோ. தெரிந்தே அவளையும் அங்கே கூட்டிப்போனானோ. "வாயேன், நல்லதுதானே" என்று எவ்வளவு சுலபமாகச் சொன்னான். அந்த வாரம் முழுக்க அவன் ஜோவினாவைத் தூக்கும்போதெல்லாம் அவள் எழுந்து நின்றாள். அவன் பிள்ளையைக் கடைக்குக் கூட்டிப்போகிறேன் என்றால் தானும் வருகிறேன் என்றாள். வேலை செய்கிற பல் மருத்துவமனை முகப்பில் உட்கார்ந்து நோயாளிகளின் பெயரைக் கூப்பிடும்போதும் மனசு பள்ளிக்கூட வாசலிலேயே நின்றது.

அடுத்த சனிக்கிழமையும் கூடப் போனாள். இந்தமுறை கைப்பேசியில் ஒலிப்பதிவை ஓடவிட்டுக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். வெயில், கால்வாய், மட்டைக் குவியல். நிற்கவில்லை. அவள் கண் இமைக்கவில்லை. சத்தியமாக நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும், துணி காயப்போடுகிற பின்கட்டில், வாஷிங் மெஷினை ஓடவிட்டு, அதன் சத்தத்துக்குள் மறைந்து நின்றுகொண்டு, காதில் இயர்போனை மாட்டி ஒலிப்பதிவைக் கேட்டாள்.

நெடுநேரம் என்ஜின் சத்தம், வானொலி, ரெஜினால்டின் முணுமுணுப்பு. பிறகு பாட்டு பாதியில் நின்றது. கார் திரும்பும்போது போடுகிற சிக்னல் விளக்கின் டிக் டிக். டயருக்கடியில் கல் நொறுங்கும் சத்தம். கிளைகள் கார்க் கூரையை உரசும் சத்தம், நெடுநேரம். என்ஜின் அடங்கியது. கதவுகள் திறந்தன.

"வந்துட்டோம்!"

அது அவளுடைய குரல். ஆனால் அப்படியொரு சந்தோஷத்தோடு அவள் எந்த வீட்டு வாசலிலும் கூப்பிட்டதில்லை.

பல குரல்கள் ஒரே நேரத்தில் வந்தன. கோழி கத்தியது. தட்டு வைக்கும் சத்தம், தண்ணீர் ஊற்றும் சத்தம், யாரோ விறகை முறிக்கும் சத்தம். கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுவது போல இருந்தது. ரெஜினால்ட் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு எல்லாரும் ஒரே நொடியில் பேச்சை நிறுத்தினார்கள். ஒரு பெண்குரல் மட்டும். அதில் வயது தெரியவில்லை. ஊர் தெரியவில்லை. மூச்சு வாங்கும் ஒலி மட்டும் அதில் இல்லவே இல்லை.

"சின்னவ எங்க?"

"ஸ்கூல் லீவு விடட்டும்" என்றான் ரெஜினால்ட்.

"நாங்களே வந்து கூட்டிக்கட்டுமா? வீடு தெரியும்."

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்?" இது ஷெர்லீன். சிரிக்கிறாள். "நாங்களே கொண்டுவந்து விட்டுர்றோம்." கொஞ்ச நேரம் கழித்து, ரகசியம் பேசுவது போல: "அப்புறம் அவளத் தேடி நாங்க அழுவோமோ?"

"மாட்டீங்க. எதைத் தேடணும்னு தெரிஞ்சாதானே."

"அப்ப சரி" என்றாள் அவள். நிம்மதியாக.

வாஷிங் மெஷின் நின்றுபோயிருந்தது. அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே ஜோவினா பொம்மைக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலையே அதை ரெஜினால்டுக்குப் போட்டுக் காட்டினாள். அவன் கதவோரம் நின்று கேட்டான். நடுவில் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தான். முடிந்ததும் மறுபடி போடச் சொன்னான். முகம் சாம்பல் பூத்திருந்தது.

"இது உன் குரல்" என்றான்.

"உங்க குரலும் இருக்கு."

"நான் நிக்கல ஷெர்லீ. ஜேசு மேல சத்தியமா நான் நிக்கல."

"நானும்தான் நிக்கல."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒன்பது வருடம் ஒரே கட்டிலில் படுத்த இரண்டு பேர், யார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகப் போகிறார்கள் என்று அளந்து பார்ப்பது போலப் பார்த்தார்கள். கடைசியில் அவன்தான் கண்ணைத் தாழ்த்தினான்.

வீட்டில் இருப்பதும் பயமாக இருந்தது. வீடு தெரியும் என்று அந்தக் குரல் சொல்லிவிட்டது. விடுமுறை விடும் வரை பிள்ளை இருவருக்கும் நடுவில் படுத்தாள். தேவாலயத்திலிருந்து கொண்டுவந்த தீர்த்தத்தை ஷெர்லீன் வாசற்படியில் தெளித்தாள். ரெஜினால்ட் தம்பின் வேலையை வேறொருவனுக்குத் தள்ளிவிட்டான். விடுமுறை தொடங்கிய மறுநாளே அந்தோணிராஜ் வீட்டுக்குப் போய்விடுவது, இங்கே திரும்புவதைப் பிறகு பார்த்துக்கொள்வது என்று முடிவானது. அண்ணனிடம் காரணம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்.

இந்தமுறை வழியை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து போட்டார்கள். அவள் கோடு இழுத்தாள். அவன் ஒவ்வொரு சந்தியையும் விரல் வைத்துப் பார்த்தான். அலோர்காஜா பக்கமே போகக்கூடாது. செம்பனை அடர்ந்த சாலை எதுவும் கூடாது. பாயா ரும்புட்டிலிருந்து கடற்கரைக்கு இறங்கி, தஞ்சோங் கிளிங், மஸ்ஜித் தானா, அப்படியே போர்ட்டிக்சன், அதற்குப் பிறகு நெடுஞ்சாலை. சுற்றுவழிதான். சுற்றினால் சுற்றட்டும். கருவியைக் காரில் மாட்டவேண்டாம் என்று அவளே சொன்னாள். அதைக் கணினிக்குப் பக்கத்திலேயே விட்டுவிட்டுக் கதவைப் பூட்டினார்கள்.

காலை வெயில் நன்றாக ஏறிய பிறகுதான் கிளம்பினார்கள். ஷெர்லீன் முன்னால் உட்காரவில்லை. பின்னால், ஜோவினாவோடு உட்கார்ந்தாள். கார் தெரு முனையைத் தாண்டுவதற்குள், தோளில் கிடந்த துப்பட்டாவை எடுத்து, ஒரு முனையைத் தன் இடது மணிக்கட்டிலும் மறுமுனையைப் பிள்ளையின் வலது மணிக்கட்டிலும் கட்டினாள். இரட்டை முடிச்சு. பல்லால் கடித்து இறுக்கினாள்.

"எதுக்கு மம்மி?"

"சும்மா. விளையாட்டு. யாரு முதல்ல அவுக்கிறாங்கன்னு பாக்கலாம். நீயும் அவுக்கக்கூடாது, நானும் அவுக்கக்கூடாது."

"அப்ப யாருமே ஜெயிக்க மாட்டாங்களே."

முன்னாலிருந்து ரெஜினால்ட் சிரிக்க முயன்றான்.

தஞ்சோங் கிளிங்கில் கடல் வந்தது. இடப்பக்கம் சவுக்கு மரங்களுக்கு நடுவே துண்டு துண்டாகப் பளபளத்தது. கண்ணாடியை இறக்கியதும் உப்புக் காற்றும், யாரோ மீன் சுடும் கரிவாசமும் உள்ளே வந்தன. ஷெர்லீன் அதை ஆழமாக இழுத்துக்கொண்டாள். ரப்பர் பால் இல்லை, விறகுப் புகை இல்லை. பேசு, பேசிக்கொண்டே இரு என்று ரெஜினால்டிடம் சொன்னாள். அவன் கண்ணில் படுகிற பெயர்ப் பலகையையெல்லாம் உரக்கப் படித்துக்கொண்டே ஓட்டினான். ஜோவினா கப்பல்களை எண்ணினாள். மணிக்கட்டின் சின்ன நாடி துணிக்குள்ளாகத் துடிப்பது ஷெர்லீனின் விரலுக்குத் தெரிந்தது.

"மம்மி, கை வலிக்குது."

"கொஞ்ச நேரம் மா."

மஸ்ஜித் தானா. பெட்ரோல் பங்க். பள்ளிவாசல். மாங்காய் விற்கிற ஒருவர். எல்லாம் இருந்தது. எல்லாம் அதனதன் இடத்தில்.

"பேசுங்க."

"பேசிட்டுத்தான் இருக்கேன்."

"நிக்காதீங்க."

"நிக்கல."

"என்ன நடந்தாலும் நிக்காதீங்க."

"ஷெர்லீ, நான் நிக்கல."

இரண்டு பக்கமும் வயல். ஒரு வளைவு. பிள்ளையின் விரல்கள் அவளுடைய விரல்களுக்குள். சூடாக. பிசுபிசுப்பாக. இமைக்கக்கூடாது. இமைக்கவில்லை. வானொலியில் ஒரு பாட்டு. யார் போட்டது? "அதை நிறுத்துங்க." பாட்டு பாதியில் நின்றது.

டிக். டிக். டிக்.

போர்ட்டிக்சனில் கார் நின்றபோது காற்று அருமையாக வீசிக்கொண்டிருந்தது. கடலோரம் ஒரு மாமாக் தேநீர்க்கடை, நீலக் கூரை, பிளாஸ்டிக் நாற்காலிகள். ரெஜினால்ட் இறங்கிச் சோம்பல் முறித்தான். நல்ல பயணம். சுற்றுவழி என்றாலும் கடலைப் பார்த்துக்கொண்டே வந்ததில் அலுப்பே தெரியவில்லை. இத்தனை வருடத்தில் அவர்கள் இருவரும் இப்படித் தனியாக எங்கேயும் கிளம்பியதில்லை என்று ஷெர்லீன் நினைத்துக்கொண்டாள். அண்ணன் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்கிப்போக வேண்டும். பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது.

கடைக்காரர் மேசையைத் துடைத்தார். "எத்தன பேருண்ணே?"

"ரெண்டு பேர்தான். தே தாரேக் ரெண்டு" என்றான் ரெஜினால்ட். பிறகு காரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். "ஏய் ஷெர்லீ, என்ன பின்னால போய் உக்காந்திருக்க? நான் என்ன உனக்கு டிரைவரா? இறங்கி வா லா."

அவளும் சிரித்தாள். ஏன் பின்னால் உட்கார்ந்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை. கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தாள். இடது கையை ஏதோ பிடித்து இழுத்தது.

துப்பட்டா. மணிக்கட்டில் கட்டியிருந்தது. மடிக்குக் குறுக்காகப் போய், காலியான இருக்கையைத் தாண்டி, அந்தப் பக்கத்துக் கதவிடுக்கில் சிக்கி, கம்பி மாதிரி விறைத்து நின்றது. இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. வெளியே யாரோ பிடித்திருப்பது போல. எட்டி அந்தக் கதவைத் திறந்தாள். வெளியே வெறும் தரை. துணி தளர்ந்து அவள் கையோடு வந்தது.

மறுமுனையில் ஒரு வளையம் இருந்தது. இரட்டை முடிச்சு. அவிழவில்லை, அறுபடவில்லை. மிகச் சின்ன வளையம். அவள் தன் விரல்களை அதற்குள் நுழைத்துப் பார்த்தாள். மூன்று விரல்தான் போனது. இவ்வளவு சின்னதாக இதை யார் கட்டினார்கள், எதைக் கட்டினார்கள்?

"என்ன அங்க? டீ ஆறுது!"

"வர்றேங்க" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. கன்னம் நனைந்திருந்தது. துடைத்தாள். மறுபடி நனைந்தது. எங்கேயும் வலிக்கவில்லை, மனசில் எந்தக் குறையும் இல்லை. கண்கள் மட்டும் அவளைக் கேட்காமல் கொட்டிக்கொண்டே இருந்தன, நிற்காமல், கழுத்து வரை.

அந்தச் சின்ன வளையம் இன்னும் சூடாக இருந்தது.